வெயில் ஒவ்வாத தோல்: இருநூறு ஆண்டுத் தேடலின் கதை

ஞாயிறு போற்றும் மரபு எம்முடையது. தைப்பொங்கலன்று முற்றத்திலே கோலமிட்டு, கதிரவனுக்கு முதற் படையல் வைத்த பின்னரே நாம் உண்கின்றோம். வயலிலும் கடலிலும் வெங்காயத் தோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக வெயிலிற் காய்ந்து உழைத்தவர்கள் எம் முன்னோர். அத்தகைய சமூகத்தினரிடம் போய், "வெயில் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது, அது ஒரு நோய், அதற்குப் பெயரும் உண்டு" என்று சொன்னால் முதலிற் கிடைப்பது நகைப்புத்தான். வெயில் ஒவ்வாமை என்பது வெள்ளைக்காரருக்கு உரியது, சன்ஸ்கிறீன் என்பது கடற்கரையிற் படுத்திருக்கும் உல்லாசப் பயணிகளுக்கு உரியது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இந்த எண்ணம் பலருக்கு ஆண்டுக்கணக்கான துன்பத்தையும், சிலருக்கு அதைவிடப் பெரிய தீங்கையும் விளைவித்திருக்கின்றது. ஆதலால் இதன் வரலாற்றைச் சற்று விரிவாக எழுத எண்ணினேன்.

இப்பொருளில் என்னை ஈடுபடுத்தியவள் ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகள் ஒருத்தி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், குளிருடையைக் கழற்றிவைத்து முதன்முறையாக வெளியே நடமாடிய மறுநாள், அவளுடைய கழுத்தடியிலும் முன்கைகளிலும் சிறு சிறு தடிப்புகள் தோன்றும். தாங்கமுடியாத கடி. ஒரு கிழமைக்குள் அவை தாமாகவே மறையும். வீட்டிலுள்ளவர்கள் இதனைக் கிரந்தி என்றார்கள். இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் என ஒவ்வொன்றாக அவளது கோப்பையிலிருந்து அகற்றப்பட்டன. மூன்று ஆண்டுகள் அவள் பத்தியம் காத்தாள். மூன்று ஆண்டுகளும் மே மாதம் தவறாமல் வந்தது. தடிப்பும் தவறாமல் வந்தது. "பெரியப்பா, வெள்ளையளுக்குத்தானே வெயில் ஒத்துக்கொள்ளாது? எங்களுக்கும் அப்பிடி வருமோ?" என்று அவள் தொலைபேசியிற் கேட்டாள். கலைப்பட்டதாரியான எனக்கு அப்பொழுது விடை தெரியாது. விடையைத் தேடிப் புறப்பட்டபோதுதான் அந்தக் கேள்விக்கே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு என்பது தெரியவந்தது.

வெப்பமா, ஒளியா?

வெயிலில் நின்றால் தோல் சிவக்கின்றது, கொப்பளிக்கின்றது. அதற்குக் காரணம் வெயிலின் வெப்பமே என்றுதான் மனிதகுலம் நெடுங்காலம் நம்பிவந்தது. நெருப்பு சுடுகின்றது, சூரியன் பெரிய நெருப்பு, ஆகவே அதுவும் சுடுகின்றது. இந்த நியாயத்தில் எவருக்கும் ஐயம் எழவில்லை. இலண்டனில் தோல் நோய்களை முதன்முதலில் ஒழுங்காக வகைப்படுத்திய றொபேட் வில்லன் என்ற மருத்துவர், 1798ஆம் ஆண்டளவில், வெயிலால் வரும் ஒருவகைச் சொறியைத் தனியே பிரித்து அதற்குச் 'சூரியக் கரப்பான்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஆயினும் வெயிலின் எந்தக் கூறு அதனை விளைவிக்கின்றது என்பது அவர் காலத்தில் அறியப்படவில்லை.

1801ஆம் ஆண்டில் யேர்மனியின் யேனா நகரில் யோகான் வில்கெல்ம் றிற்றர் என்ற இளம் அறிவியலாளர், ஒளியைப் பட்டகத்தினூடாகச் செலுத்தி, அதன் நிறங்களின் மீது வெள்ளிக் குளோரைட்டை வைத்துப் பார்த்தார். வெள்ளிக் குளோரைட்டு ஒளிபட்டாற் கறுக்கும் தன்மையுடையது. ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே புலப்படாத இடத்தில் அது எல்லா இடங்களையும்விட விரைவாகக் கறுத்தது. அங்கு வந்து விழுந்த கதிர்களையே இன்று இலங்கைப் பாடநூல்கள் கழியூதாக் கதிர்கள் என்றும், தமிழகத்து நூல்கள் புற ஊதாக் கதிர்கள் என்றும் அழைக்கின்றன.

இக்கதிருக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படுவதற்கு மேலும் பல பதின்மங்கள் ஆயின. 1820இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் எவராட் ஹோம் தம் கைகளையே ஆய்வுப் பொருளாக்கினார். ஒரு கையை வெறுமையாகவும் மறு கையைக் கறுப்புத் துணியால் மூடியும் வெயிலிற் பிடித்தார். கறுப்புத் துணியின் கீழே வெப்பம் மிகுதியாக இருந்தது. ஆனால் கொப்பளித்ததோ வெறும் கைதான். வெப்பம் குற்றவாளியன்று என்பதற்கு இது வலுவான சான்று. கறுத்த தோலுக்கு அதன் நிறமே காவல் என்பதும் அவரது முடிவாயிற்று.

இறுதித் தீர்ப்பை வழங்கியவர் சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் எரிக் யோகான் வித்மார்க். 1889இல் அவர் மின்வில் விளக்கின் ஒளியிலிருந்து வெப்பக் கதிர்களை நீரினாலும், கழியூதாக் கதிர்களைக் கண்ணாடியினாலும் வடிகட்டி ஆராய்ந்தார். வெப்பத்தை நீக்கிய பின்னரும் தோல் வெந்தது. கழியூதாவை நீக்கியதும் வேகவில்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தம் கையில் மையினால் ஒரு பட்டை வரைந்து வெயிலிற் பிடித்தார். சுற்றியிருந்த தோல் சிவந்தது. மைப்பட்டைக்குக் கீழிருந்த தோல் தப்பியது. ஒளியைக் கொண்டு தோற் காசநோயைக் குணப்படுத்தியமைக்காக 1903இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. சுடுவதும் ஒளி, சுகமளிப்பதும் ஒளி என்பதை ஒரே மனிதர் காட்டியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நோய்க்குப் பெயர் கிடைத்த கதை

வெயிலிற் கருகுவது வேறு. வெயில் ஒவ்வாமை வேறு. முன்னையது போதிய நேரம் வெயிலில் நின்ற எவருக்கும் நேரக்கூடியது. பின்னையது, மற்றவர்களுக்கு எதுவும் செய்யாத அளவு ஒளியிலேயே சிலருக்கு மட்டும் வருவது. 1878இல் இலண்டன் மருத்துவர் யொனதன் ஹச்சின்சன் கோடையில் தோன்றி மறையும் கடிமிக்க பருக்களைப் பற்றி எழுதினார். 1900இல் டென்மார்க்கின் கார்ல் றாஷ் என்பவர் ஒரே நோய் ஆளுக்கு ஆள் பல வடிவங்களில் தோன்றுவதைக் கண்டு, 'பல்வடிவ ஒளித் தடிப்பு' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஆங்கில மருத்துவத்தில் இன்றும் 'பொலிமோர்ஃபிக் லைட் இறப்ஷன்' என்றே அது வழங்குகின்றது. என் பெறாமகளுக்கு வந்ததும் இதுவே என அங்குள்ள தோல் மருத்துவர் பின்னர் உறுதிப்படுத்தினார். அவளுடைய இறாலும் கத்தரிக்காயும் குற்றமற்றவை என விடுதலையாயின.

இந்நோயின் போக்கு தெளிவானது. வெயில்பட்ட சில மணி நேரத்தில், அல்லது மறுநாளில், கழுத்தடி, மேல் மார்பு, முன்கை, புறங்கை ஆகிய இடங்களிற் பருக்களோ தடிப்புகளோ எழும். முகம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆண்டு முழுவதும் ஒளியைக் கண்டு அது பழகியிருப்பதே காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக, பெரும்பாலும் 40 வயதுக்கு முன்னரே தொடங்கும். வட ஐரோப்பிய நாடுகளில் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் இது குறைவு.

ஏன் குறைவு? இங்கேதான் புலம்பெயர்ந்த தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி உள்ளது. கழியூதாக் கதிர் பட்டால் தோலின் நோய் எதிர்ப்பாற்றல் தற்காலிகமாகத் தணிவதே இயல்பு. ஒளியினால் தோலில் உண்டாகும் சிறு மாற்றங்களை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமல் இருப்பதற்கு இத்தணிவு உதவுகின்றது. சிலரிடம் இத்தணிவு போதிய அளவு நிகழ்வதில்லை. அவர்களும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஒளியைப் பெற்றுவந்தால் தோல் பழகிக்கொள்ளும். ஆறு மாதம் கம்பளிக்குள் ஒளிந்திருந்துவிட்டு ஒரே நாளில் வெளியே வந்தால் பழகுவதற்கு அவகாசம் இல்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தபோது ஒருநாளும் வராத தடிப்பு, ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ சில குளிர்காலங்களைக் கழித்த பின் வருவதன் விளக்கம் இதுதான்.

யேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். கோடையின் தொடக்கத்தில், மேலாடையின்றிக் காவடி எடுக்கும் ஆண்களும் கற்பூரச்சட்டி ஏந்தும் பெண்களும் மணிக்கணக்காகத் திறந்த வெளியில் நிற்கின்றனர். அவர்களுட் பலருக்கு அந்த ஆண்டின் முதல் நீண்ட வெயில் அதுவாகவே இருக்கும். மறுநாள் எழும் தடிப்பைத் திருநீற்றின் மீதோ சந்தனத்தின் மீதோ சுமத்துவது எளிது.

வேறு இரு நோய்களையும் இங்கே குறிப்பிடவேண்டும். வெயில்பட்ட சில நிமிடங்களிலேயே தோல் தடித்து, நிழலுக்கு வந்து ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால் அது சூரியத் தினவு எனத்தக்க வேறு வகை ஒவ்வாமை. வெயிலில் விளையாடும் குழந்தை, தோலில் எதுவும் வெளிப்படையாகத் தெரியாமலே எரிகின்றது என்று கதறினால் அது புளொட்டு எனத் தள்ளிவிடக்கூடாது. குருதியின் செந்நிறப் பொருளை ஆக்கும் வேதிவழியில் ஏற்படும் பிறவிக் குறையொன்றினாலும் அவ்வாறு நேரலாம். 1961இல் இலண்டனில் இயன் மக்னஸ் குழுவினர் அந்நோயை விவரித்தனர். அதனைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியே. ஆகவே சாதாரண சன்ஸ்கிறீன் அக்குழந்தைக்குப் பெரிதும் உதவாது.

தாவரமும் மருந்தும் வெயிலும் கூடினால்

வெயில் தனியே செய்யாததைத் துணையொன்று கிடைத்தாற் செய்யும். எமது சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். வெண்குட்டத்துக்குக் கார்போக அரிசியைப் பூசி வெயில் காயச் செய்வது பழைய வைத்தியம். எகிப்தில் நைல் கரையில் வளரும் வேறொரு செடியின் விதைக்கும் இதே பயன்பாடு இருந்தது. 1940களின் பிற்பகுதியில் எகிப்திய அறிஞர்கள் அவ்விதையிலிருந்து ஒளியுடன் கூடித் தோலைக் கறுப்பிக்கும் வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தனர். சோரலென் எனப்படும் அப்பொருட் குடும்பத்தின் பெயர் கார்போக அரிசிச் செடியின் தாவரவியற் பெயரிலிருந்தே பிறந்தது. 1974இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக மருத்துவர்கள் சோரலெனையும் கழியூதா ஒளியையும் இணைத்துச் செதில் நோய்க்குச் சிகிச்சை வகுத்தனர்.

அதே பொருட் குடும்பம் எமது தேசிக்காயிலும் உண்டு. குறிப்பாக அதன் தோலில். தேசிக்காய் பிழிந்த கையை நன்கு கழுவாமல் வெயிலில் நின்றால், ஓரிரு நாட்களிற் சாறு வழிந்த கோட்டின்படியே கொப்புளமும், பின்னர் வாரக்கணக்கில் மறையாத கருந்தடமும் தோன்றக்கூடும். நறுமணத் தைலங்களிற் சேரும் பெர்கமொற் என்ற தேசியினப் பழத்தின் எண்ணெயும் இதையே செய்யும். கழுத்திற் பூசிய ஓடிக்கொலோன் வழிந்த இடத்தில், பதக்கம் தொங்குவதைப் போன்ற கருந்தடம் விழுவதை 1916ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். வெளியே புறப்படும் வேளையிற் கழுத்தில் வாசனைத் தைலம் பூசாதீர்கள் என்ற அறிவுரைக்கு இவ்வளவு பழைய ஆதாரம் உள்ளது.

வடபகுதி விவசாயிகளுக்குப் பார்த்தீனியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1950களில் இந்தியாவின் புனேயிற் காணப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிய இக்களை, 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப்படை இங்கு வந்த காலத்தில் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு சேர்ந்து வந்தது என்பதே எங்கள் மண்ணில் பரவலாக நிலவும் கருத்து. இதன் நுண் துகள்கள் காற்றிற் பறந்து முகத்திலும் கழுத்திலும் படிந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. வெயில்படும் இடங்களிலேயே தடிப்பு எழுவதால் வெயில் நோய் போலத் தோற்றமளிக்கும். நாட்பட்டால் உண்மையிலேயே ஒளி தாங்காத நோயாகவும் சிலரிடம் மாறிவிடும். இவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த சன்ஸ்கிறீனைக் கொடுத்தாலும், தோட்டத்து வரம்பிலே களை நிற்கும் வரை நோய் தீராது.

மருந்துகளின் பட்டியலும் நீண்டது. உயர் குருதி அழுத்தத்துக்கு வழங்கப்படும் ஹைட்றோகுளோறோதயசைட்டு, இதயத் துடிப்புக் கோளாறுக்குரிய அமியோடறோன், மூட்டு நோவுக்குப் பூசும் கீற்றோபுறோஃபன் களிம்பு, டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை தோலை ஒளிக்கு இளக்கமாக்க வல்லவை. இலங்கையில் எலிக்காய்ச்சல் வராமற் காக்க வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு வழங்கப்படுவதும் டொக்சிசைக்கிளினே. எலிக்காய்ச்சல் உயிரைப் பறிப்பது. ஆதலால் மருந்தைக் கைவிடுவது மடமை. நீண்ட கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்து, தடிப்பு வந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பதே அறிவுடைமை. எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. ஆனால் 'இது வெயிலுக்கு ஆகுமா?' என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

களிம்பின் கதை

வித்மார்க்கின் ஆய்வு வெளிவந்த ஈராண்டுகளில், 1891இல், யேர்மனியின் ஸ்ருட்காட் நகர மருத்துவர் ஃபிறீட்றிக் ஹம்மர், கழியூதாவை உறிஞ்சும் கொயினாவைக் களிம்பாக்கி வெயிலுக்கு எதிராகப் பூசிப் பார்த்தார். மலேரியாவுக்குக் குடித்த அதே கசப்பு மருந்துதான் முதலாவது சன்ஸ்கிறீன். அதன் பின் குதிரைச் செஸ்ட்நட் மரத்துப் பொருளிலிருந்து ஆக்கிய களிம்பு 1911ஆம் ஆண்டளவில் யேர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1928இல் அமெரிக்காவிலும், 1930களின் நடுப்பகுதியில் லொறியால் நிறுவனர் யூஜின் ஷுவெலரின் முயற்சியாற் பிரான்சிலும் வெயில் தடுப்பு எண்ணெய்கள் சந்தையேறின.

1938இல் ஃபிறான்ஸ் கிறைற்றர் என்ற வேதியியல் மாணவர், ஒஸ்திரியா - சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள பிஸ் புவின் மலையில் ஏறியபோது வெயிலில் வெந்தார். 1946இல் அவர் வெளியிட்ட களிம்பு அம்மலையின் பெயரையே தாங்கியது. இரண்டாம் உலகப் போரிலே பசிபிக் தீவுகளிலும் கடலிலும் சிக்கிய அமெரிக்கப் படையினருக்குச் சிவப்பு நிறப் பெற்றோலியக் களி கொடுக்கப்பட்டது. போர் முடிய, மயாமியின் மருந்தாளர் பென்ஜமின் கிறீன் அதனை மெருகேற்றிக் கொப்பர்ரோன் ஆக்கினார்.

1956இல் றூடொல்ஃப் ஷுல்ச கண்ட அளவுமுறையைச் செம்மைப்படுத்தி, 1974இல் கிறைற்றர் 'எஸ்.பி.எஃப்.' என்ற எண்ணைப் புகுத்தினார். 1978இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகமும் அதனை ஏற்றது. இந்த எண்ணைப் பற்றி எம்மவரிடையே குழப்பம் உண்டு. பூசாத தோல் சிவப்பதற்குத் தேவையான ஒளியைப் போல் எத்தனை மடங்கு ஒளி, பூசிய தோலைச் சிவக்கவைக்கத் தேவை என்பதே அதன் பொருள். 15 என்ற எண் தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ நூற்றுக்கு 93 பங்கைத் தடுக்கும். 30 என்பது 97 பங்கு. 50 என்பது 98 பங்கு. எண் இரட்டிப்பதால் காவல் இரட்டிப்பதில்லை.

இவ்வெண்ணில் ஒரு பெருங்குறையும் உள்ளது. கழியூதாவில் எமக்கு வந்து சேர்வன இருவகை. குறுகிய அலையுடைய 'பீ' கதிர் தோலைச் சுடும். நெடிய அலையுடைய 'ஏ' கதிர் ஆழமாக ஊடுருவும். சாதாரண கண்ணாடியையும் கடந்து வரும். எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் 'பீ' கதிருக்கு எதிரான காவலையே அளக்கின்றது. வெயில் ஒவ்வாமையுள்ள பலரிடம் நோயைத் தூண்டுவதோ 'ஏ' கதிர். எண் 50 உள்ள களிம்பைப் பூசியும் தடிப்பு வந்தது என்று முறையிடுவோர் பலர். காருக்குள் கண்ணாடியை மூடிக்கொண்டு நீண்ட தூரம் ஓட்டியவருக்குக் கண்ணாடிப் பக்கக் கையில் மட்டும் தடிப்பு எழுவதும் இதனாலேயே. அவர்கள் பொய் சொல்லவில்லை.

யாருடைய தோலில் அளந்தார்கள்?

1975இல் ஹாவாட் மருத்துவர் தோமஸ் ஃபிற்ஸ்பற்றிக் மனிதத் தோலை வெயிலுக்குச் சிவக்கும் தன்மைக்கேற்ப வகுத்தபோது அவருடைய கருத்திலிருந்தது வெள்ளைத் தோலே. எங்களைப் போன்ற மண்ணிறத் தோலும் கறுத்த தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. களிம்புகளின் எஸ்.பி.எஃப். எண்ணும் எளிதிற் சிவக்கும் வெளிர் தோலிலேயே அளக்கப்படுகின்றது. சிவப்பே அறிகுறி என்று எழுதிய பாடநூல்களைப் படித்த மருத்துவர், எம் தோலிற் சிவப்பு தெரியாமல் ஊதாவாகவோ கருமையாகவோ எழும் தடிப்பை அடையாளங்காணத் தவறக்கூடும். கறுத்த தோலிற் பல்வடிவ ஒளித் தடிப்பு ஊசிமுனை அளவான மிகச் சிறு பருக்களாக வரும் வகையும் உண்டு. அதனை வேர்க்குரு என்று நினைப்பது இயல்பே. வேர்க்குரு வியர்வையடைக்கும் இடங்களில், ஆடையின் கீழேயும் வரும். ஒளித் தடிப்பு ஆடை முடியும் கோட்டோடு நின்றுவிடும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கறுத்த தோலுக்கு இயற்கைக் காவல் உண்டென்பது மெய்யே. 1979இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று கறுத்த தோலின் மேற்படை தரும் காவலை எஸ்.பி.எஃப். 13.4 எனவும் வெள்ளைத் தோலினுடையதை 3.4 எனவும் மதிப்பிட்டது. ஆனால் அது வெயிற் கருகலுக்கு எதிரான காவல். ஒவ்வாமை என்பது எதிர்ப்பாற்றலின் கோளாறு. நிறம் அதற்கு முழு அரணாகாது. மேலும், எமது தோலில் தடிப்பு ஆறிய பின் விட்டுச்செல்லும் கருந்தடம் நோயைவிட நீண்ட காலம் தங்கும். அத்தடத்தை நீக்குவதற்காக வெளுப்புக் களிம்புகளைத் தேடி ஓடுவதில் அடுத்த அவலம் தொடங்குகின்றது. அவற்றுட் சிலவற்றிற் பாதரசமும், வேறு சிலவற்றில் வீரியமிக்க ஸ்ரீரொயிட்டும் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஸ்ரீரொயிட்டை நாட்கணக்கில் முகத்திற் பூசினால் தோல் மெலிந்து, வெயிலை முன்னரைவிடத் தாங்காததாகிவிடும். 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற பெயரே 2020இற் கைவிடப்பட்டது; சிவப்பழகு மோகம் கைவிடப்பட்டதா என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கு விடுகின்றேன்.

எதைத் தெரிவு செய்வது?

முதற் காவல் களிம்பன்று, நிழலும் துணியும். முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை நேரடி வெயிலைக் குறைத்தல், நெருக்கமாக நெய்த நீண்ட கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, குடை ஆகியவை விலை குறைந்தவை, ஒவ்வாமை தராதவை. தலையிற் சால்வையும் கையிற் குடையுமாக நடந்த எங்கள் பாட்டன்மார் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. நல்லூர்த் திருவிழா நடைபெறும் ஆவணியின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் உச்சி வெயில் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

களிம்பு வாங்குகையில், எண் 30க்குக் குறையாததாக, ஒவ்வாமையுள்ளவராயின் 50ஆகப் பார்க்கவேண்டும். அதனோடு 'ஏ' கதிருக்குரிய குறியையும் தேடவேண்டும். ஐரோப்பாவில் அது வட்டத்துக்குள் எழுதிய யூவீஏ என்ற குறி. பிரித்தானியாவில் ஐந்து வரையான நட்சத்திரங்கள். யப்பானிலிருந்து ஆசியாவெங்கும் பரவிய முறையிற் பீஏ என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கூட்டற் குறிகள், நான்கு வரை. அமெரிக்காவில் 'புறோட் ஸ்பெக்றம்' என்ற சொற்றொடர். இக்குறி இல்லாத களிம்பின் எண் எவ்வளவு பெரிதாயினும் ஒவ்வாமைக்காரருக்குப் பயன் குறைவு.

அடுத்தது கூட்டுப்பொருள். களிம்பே ஒவ்வாமை தரும் வேளைகளும் உண்டு. 1970களில் பெரிதும் விற்ற 'பாபா' என்ற பொருள் அவ்வாறே புகழிழந்தது. ஒக்சிபென்சோன் அடங்கிய பென்சோஃபீனோன் குடும்பத்தை 2014ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் அறிவித்தது. ஆகவே ஒவ்வாத் தோலினர், வாசனை சேராததும் நாக ஒக்சைட்டு அல்லது தைத்தேனியம் ஈரொக்சைட்டை மட்டும் கொண்டதுமான களிம்பை முதலில் முயல்வது நன்று. அவை எம் தோலிற் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தோன்றும் என்பது பலரது குறை. இரும்பு ஒக்சைட்டுச் சேர்த்து நிறமூட்டிய களிம்புகள் அக்குறையைத் தீர்ப்பதோடு, கருந்தடத்தைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கின்றன. எதுவாயினும், புதிதாக வாங்கியதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு கிழமை பூசிப் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொண்டுசெல்க.

பூசும் அளவிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஆய்வுகூடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசியே எண் அளக்கப்படுகின்றது. மக்கள் பூசுவது அதிற் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரையே. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு வேண்டும். வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்னர் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தி அல்லது வியர்த்துத் துடைத்த பின்னரும் மீண்டும் பூசவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் களிம்பைவிட நிழலே உகந்தது. குளிர்நாடுகளில் வாழும் கறுத்த தோலினருக்கு உயிர்ச்சத்து 'டி' குறைவது வழக்கம். வெயிலை முற்றாகத் தவிர்ப்பவர்கள் அதனைக் குருதிச் சோதனையிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடிப்பு வந்துவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றுதல், கடிக்கு ஒவ்வாமைத் தடுப்பு மாத்திரை, மருத்துவர் குறித்துத் தரும் ஸ்ரீரொயிட்டுக் களிம்பைச் சில நாட்கள் மட்டும் பூசுதல் ஆகியன போதும். ஆண்டுதோறும் கடுமையாக வருபவருக்கு, கோடைக்கு முன்னரே மருத்துவமனையிற் கழியூதா ஒளியைச் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தோலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. என் பெறாமகள் அச்சிகிச்சையைப் பெற்ற ஆண்டிலேதான் முதன்முறையாக மே மாதத்தை நிம்மதியாகக் கழித்தாள்.

எப்போது காலந்தாழ்த்தக்கூடாது?

இதனை எழுதத் தூண்டிய இரண்டாவது காரணத்தை இறுதியாகச் சொல்கின்றேன். என் பத்திரிகை நண்பர் ஒருவரின் தங்கைக்கு வெயிலில் முகம் தடித்தது. கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒரு தடம். வெக்கை என்றார்கள், சந்தனம் பூசினார்கள். மூட்டு நோவை வேலைக் களைப்பு என்றார்கள். ஈராண்டுகள் கழித்துக் கால்கள் வீங்கியபோதுதான் குருதியும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. அது லூபஸ் என்ற நோய். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் அந்நோய் அதற்குள் சிறுநீரகத்தை எட்டிவிட்டது. லூபஸ் நோயாளருட் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுட் பலருக்கு வெயில் தடிப்பே முதல் எச்சரிக்கை.

ஆகவே, வெயில்பட்டு எழும் தடிப்பு இரண்டு கிழமைக்கு மேல் மறையாதிருந்தாலோ, முகத்தின் நடுவில் வந்தாலோ, அதனோடு மூட்டு நோ, வாய்ப்புண், முடி உதிர்தல், தொடர் காய்ச்சல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, களிம்புக் கடைக்குச் செல்லாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வெயிலில் நின்ற நேரம், தடிப்பு எழுந்த நேரம், மறைந்த நாள், உட்கொள்ளும் மருந்துகள், பூசும் பொருட்கள் ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்துச் செல்லுங்கள். தடிப்பு மறையுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைக் காணும் நாளில் தடிப்பு மறைந்திருந்தாலும் அத்தாளும் படமும் பேசும். ஆடை முடியும் கோட்டோடு தடிப்பு நிற்கின்றதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.